இயந்திரத்தின் ஜாதகம்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறி இறங்கியவர்களுக்கு முழங்கால் வலியோடு ஒரு சந்தேகமும் மிஞ்சும். ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள அந்தக் குன்றின் உச்சியில் ஒரு பெரிய பீரங்கி கிடக்கிறது. எத்தனையோ மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து, அதிகம் துருவேறாமல் படுத்திருக்கிறது. அதன் அடிப்புறத்தில் 7560 என்று நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கின்றன.

நான் கடைசியாக அங்கே போயிருந்தபோது பள்ளிப் பிள்ளைகள் சிலர் அந்தப் பீரங்கியைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். "சார், இது செஞ்ச வருஷமா?" என்று ஒரு பையன் கேட்டான். "மண்டு! 7560 வர இன்னும் அஞ்சாயிரம் வருஷத்துக்கு மேல இருக்குடா" என்று இன்னொருவன் அவன் தலையில் குட்டினான். குட்டு வாங்கியவன் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. பழைய பொருளின் மேல் எண்ணைக் கண்டால், அது பிறந்த தேதியாக இருக்கவேண்டும் என்று நினைப்பது மனித சுபாவம்.

என் ஊகத்தைச் சொல்கிறேன். ஐரோப்பிய வார்ப்படசாலைகளில் பீரங்கியின் எடையை அதன் உடம்பிலேயே பொறித்துவிடுவது வழக்கம். ஏற்றுகிற கப்பலுக்கும் இழுக்கிற மாட்டுக்கும் எடைதானே முக்கியம்? 1750-ல் புஸ்ஸி இந்தக் கோட்டையைப் பிடித்தது முதல் 1761-ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரையில் செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 7560 என்பதைப் பழைய பிரெஞ்சு ராத்தல் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 3,700 கிலோ ஆகிறது. இவ்வளவு பெரிய பீரங்கிக்குப் பொருத்தமான எடைதான். இந்த ஊகம் சரியானால், நாம் வயதைக் கேட்க, பீரங்கி தன் எடையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பீரங்கி விவகாரம் மறுநாளே எனக்கு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணே' என்று அழைப்பேன். அவர் தகப்பனார் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று மாட்டுக் கொட்டகையில் மணிலாக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னால் இருபது வருஷமாகக் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவேண்டுமே, அதை வெளியே எடுத்துப் புதுப்பிக்க ஆரம்பித்திருந்தார். ராயல் என்ஃபீல்டு புல்லட், 350 சி.சி.

"அப்பாவின் வண்டி, தம்பி. 1955-ம் வருஷத்தியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்த முதல் வண்டிகளில் ஒன்று என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பட்டாளத்து ஏலத்தில் எடுத்ததாம். சென்னையிலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். 1955 என்று ருசுப்படுத்தினால் இன்னும் கூடக் கொடுப்பாராம்" என்றார்.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். ருசுப்படுத்த முடியாமற் போனால் தகப்பனார் நாற்பது வருஷம் சொன்ன சொல் என்ன ஆவது? அதுதான் அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

இந்த வண்டியின் வம்சம் பீரங்கிக்கு ரொம்பத் தூரத்து உறவு அல்ல. இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உறுப்புகள் செய்து கொடுத்த கம்பெனி அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்துக்கொண்டது. அதன் முத்திரையே ஒரு பீரங்கிதான். 'பீரங்கியைப் போலச் செய்தது' என்பது அதன் விளம்பர வாசகம். பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெட்டிச் என்ற ஊரில் தொழிற்சாலை. பின் சக்கரத்துக்கு வில் வைத்த புதிய புல்லட் 1949-ல் அங்கிருந்து விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி என்று இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. தருவித்துக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார்.

வண்டிகளைக் கப்பலில் கொண்டுவருவதைவிட இங்கேயே செய்துவிடலாமே என்ற யோசனையில் 1955-ல் இரு கம்பெனிகளும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஏற்படுத்தின. திருவொற்றியூரில் கட்டடம் எழும்பியது. 1956-ல் வேலை தொடங்கியது. ரெட்டிச்சிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். அந்த வருஷ முடிவுக்குள் பூட்டி முடித்தவை 163 வண்டிகள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் எல்லா உறுப்புகளும் இங்கேயே தயாராயின. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தாய்வீடு பாழாகிப் போக, புகுந்த வீட்டில் வம்சம் தழைத்தது.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினேன். அண்ணனும் கவனித்துவிட்டார்.

"திருவொற்றியூரில் 1956-ல்தான் வேலை ஆரம்பம் என்றால், அங்கே செய்த 1955 வண்டி ஏது?"

ஏது? 1955-ல் பிறந்த வண்டி என்றால் அது சீமையில் பிறந்தது. திருவொற்றியூரில் பிறந்தது என்றால் வருஷம் 1955 அல்ல. தகப்பனார் சொன்ன இரண்டில் ஒன்றுதான் நிற்க முடியும். பார்த்துச் சொல்லலாம் என்றால், சீமை வண்டிக்கும் திருவொற்றியூர் வண்டிக்கும் உருவத்தில் வித்தியாசம் காண்பது கடினம். இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி.

சரி, இயந்திரத்தின் வயதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

முதலில், எந்த வயதைக் கேட்கிறோம் என்று தீர்மானம் செய்துகொள்ள வேண்டும். ஓர் இயந்திரத்துக்கு நான்கு பிறந்த நாள்கள் உண்டு. உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த நாள் ஒன்று. உறுப்புகளைப் பூட்டி எண் குத்திய நாள் ஒன்று. தொழிற்சாலையை விட்டு வெளியே அனுப்பிய நாள் ஒன்று. சர்க்கார் ஆபீசில் பதிவு செய்த நாள் ஒன்று. முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே சில வாரங்களும் இருக்கலாம், சில வருஷங்களும் இருக்கலாம். ராணுவ வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பட்டாளத்தில் பத்து வருஷம் உழைத்து ஏலத்துக்கு வந்த பிறகுதான் சிவில் பதிவே நடக்கும்.

நான் இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியாததா? எத்தனை பிள்ளைகளுக்கு நான் பிறந்த தேதி போட்டிருக்கிறேன்! 'அறுப்பு சமயத்தில் பிறந்தான் சார்' என்பாள் தாய். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். நானாக ஒரு மே மாதத் தேதியைப் போட்டுவிடுவேன். அதே தேதியில்தான் அவனுக்கு உத்தியோகம், அதே தேதியில்தான் ரிட்டயர்மெண்ட்" என்றார்.

அவர் வாயாலேயே விஷயம் வந்துவிட்டது. ஆர்.சி. புத்தகம் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் மாதிரி. உலோகத்தில் இருப்பதுதான் ஜாதகம்.

ஆனால் ஜாதகத்தையும் கணிக்கத் தெரிய வேண்டும். ஃபோர்டு 'டி' மாடல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடி கார்கள் செய்தார்கள். இயந்திரத்தின் மேல் குத்திய எண்தான் அந்தக் காருக்கு அடையாளம். சட்டத்தின் மேல் எண் போடும் வழக்கம் கடைசிக் காலத்தில்தான் வந்தது. எந்த நாளில் எந்த எண் வரையில் குத்தினார்கள் என்று தொழிற்சாலைக் கணக்கு உண்டு. ஆகவே எண்ணைச் சொன்னால் நாளைச் சொல்லிவிடலாம். இதில் ஒரு வேடிக்கை. 1927-ல் கார் நின்றுபோன பிறகும், பழைய கார்களுக்கு மாற்றாக அதே இயந்திரத்தை 1941 வரையில் செய்துகொண்டே இருந்தார்கள். 1915-ல் செய்த காரில் 1930-ல் புது இயந்திரம் பூட்டியிருந்தால், எண்ணை மட்டும் நம்புகிறவனுக்குத் தலை சுற்றும். பேத்தியின் ஜாதகத்தை வைத்துக்கொண்டு பாட்டிக்குப் பலன் பார்த்த கதைதான்.

அமெரிக்க ஷெவர்லே இயந்திரங்களில் இன்னொரு முறை. வார்ப்பிலேயே தேதி புடைத்து நிற்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து: ஜனவரிக்கு 'ஏ', பிப்ரவரிக்கு 'பி', மார்ச்சுக்கு 'சி'. அதன் பிறகு நாள். கடைசியில் வருஷத்தின் ஒற்றை இலக்கம். 'சி 14 7' என்றிருந்தால் மார்ச் 14, ஏழில் முடிகிற வருஷம். அது 1957-ஆ, 1967-ஆ? பத்து வருஷத்துக்கு ஒரு முறை அதே இலக்கம் திரும்பி வந்துவிடுகிறதே!

தமிழனுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. நம்முடைய பிரபவ முதல் அட்சய வரையுள்ள வருஷங்கள் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வருகின்றன. சோழர் கல்வெட்டில் 'கோப்பரகேசரி'யின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்றிருக்கும். ஆனால் பரகேசரி, ராஜகேசரி என்ற பட்டங்களைச் சோழ அரசர்கள் மாறி மாறிப் புனைந்தார்கள். எந்தப் பரகேசரி? அந்தக் கல்லிலேயே திதி, நட்சத்திரம், கிழமை குறித்திருந்தால் பிழைத்தோம். எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை, கி.பி. 700 முதல் 1799 வரையில் அந்தச் சேர்க்கைகளைக் கணக்கிட்டு 1922-ல் பெரிய பஞ்சாங்கமாகவே வெளியிட்டார். ஒரு சாட்சியை இன்னொரு சாட்சியோடு ஒத்துப் பார்க்கும் வேலை அது. இயந்திரத்துக்கும் அதே வழிதான்.

இங்கிலாந்தில் இதை ஒரு வழக்கு மாதிரி விசாரிக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகின்றன. 1905 ஜனவரி 1-ந் தேதிக்கு முன் செய்த வண்டிதான் அதில் பிரவேசிக்கலாம். 1930-ல் தோன்றிய பழைய கார் சங்கம் ஒன்று, வயதைத் தீர்மானிப்பதற்கென்றே ஒரு குழு வைத்திருக்கிறது. பூசிய வர்ணத்தையும் சொந்தக்காரர் சொல்லும் கதையையும் அவர்கள் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

ரெட்டிச் புல்லட்டுகளுக்கும் ஒரு நல்ல சாட்சி உண்டு. தொழிற்சாலையிலிருந்து எந்த எண்ணுள்ள வண்டி எந்த நாளில் யாருக்குப் போயிற்று என்று எழுதிய பேரேடுகள், வண்டிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்றின் பொறுப்பில் பத்திரமாக இருக்கின்றன. எண்ணை எழுதிக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அனுப்பிய நாளை. வார்த்த நாள் அதற்கும் முந்தியது.

பேரேடு இல்லாத வண்டிக்கு என்ன கதி? அதற்கு நம் பக்கத்து ஊரிலேயே பாடம் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டை 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். நம் நாட்டுப் பானை ஓடுகளுக்கு வயது சொல்ல அதுவரை வழியில்லை. அதே மண்ணில் இத்தாலி நாட்டு ஓடுகள் அகப்பட்டன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தவை என்று ஐரோப்பாவில் நிச்சயமாகத் தெரியும். தேதி தெரிந்த விருந்தாளியை வைத்துத் தேதி தெரியாத வீட்டுக்காரருக்கு வயது கணித்தார் வீலர்.

புல்லட்டுக்கு அப்படி ஒரு விருந்தாளி உண்டு. அந்தக் காலத்தில் ஆங்கிலேய வண்டிகளுக்கு மாக்னெட்டோ, ஹாரன் முதலிய மின்சாரச் சாமான்களைச் செய்து கொடுத்தவர்கள் லூக்காஸ் கம்பெனியார். அவர்கள் தங்கள் சாமான்களின் மேல் மாதத்தையும் வருஷத்தையும் பொறிப்பது வழக்கம். கணக்கு எளியது. சாமான் செய்த பிறகுதான் அதை வண்டியில் பூட்ட முடியும். ஆகவே ஆதியில் பூட்டிய சாமான்களில் கடைசித் தேதி எதுவோ, அதற்கு முன் வண்டி பிறந்திருக்க முடியாது.

'ஆதியில் பூட்டிய' என்பதில்தான் சிக்கல். நம் ஊரில் எதுவும் ஆதியில் பூட்டியபடியே இருப்பதில்லை. "எங்கள் பாட்டன் காலத்து அரிவாள் இது, பிடியை மூன்று தரமும் அலகை இரண்டு தரமும் மாற்றியிருக்கிறோம்" என்பவர்கள் நாம். அதனால் ஒரு சாமானை நம்பக் கூடாது. இரண்டு மூன்று சாமான்கள் அடுத்தடுத்த மாதங்களைச் சொன்னால் ஓரளவு நம்பலாம். கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால், பிறந்தது முதல் சேர்ந்து வாழும் தம்பதி.

அன்று மத்தியானம் கொட்டகை வாசலில் வேலை தொடங்கியது. அனந்தபுரத்து மெக்கானிக் ஒருவர் மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்தார். முதலில் ஆர்.சி. புத்தகம். அட்டை கிழிந்து, செல்லரித்த நகல். அதில் உற்பத்தி வருஷம் 1955 என்று நீல மையில் எழுதியிருந்தது. அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் பதிவான வருஷம் 1968. ஏலத்தில் எடுத்து வந்தவரை குமாஸ்தா கேட்டிருப்பார், இவர் சொல்லியிருப்பார், அவர் எழுதியிருப்பார். மே மாதத் தேதி போட்ட தலைமை ஆசிரியருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மலர்ந்த முகம் தானே சுருங்கியது.

புத்தகத்திலிருந்த எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. கிராங்க்கேஸின் பாதிகளும் ஜோடிதான். எண் குத்திய இடத்தில் அராவிய அடையாளம் இல்லை. பிறகு ஹாரனைக் கழற்றித் துடைத்தார் மெக்கானிக். நாற்பது வருஷத்து அழுக்கின் அடியிலிருந்து '1 56' என்று தெரிந்தது. மாக்னெட்டோவில் '3 56'.

மூவரும் சற்று நேரம் பேசவில்லை. ஜனவரி ஐம்பத்தாறு, மார்ச் ஐம்பத்தாறு. இரண்டு சாட்சிகளும் கலந்து பேசிக்கொண்ட மாதிரி ஒரே பேச்சு. 1955 போயிற்று.

"இதுக்கு ஏன் ஐயா கவலை? ரெண்டு எழுத்துத்தானே, அராவி எடுத்துட்டுப் புதுசா குத்திடலாம். பட்டணத்துல இதுக்குன்னே ஆள் இருக்காங்க" என்றார் மெக்கானிக். கெட்ட மனிதர் அல்லர். அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னார்.

பட்டணத்தில் மட்டுமென்ன, உலகமெங்கும் ஆள் இருக்கிறார்கள். எண்ணும் வருஷமும் பொருந்திய வண்டிக்கு விலை கூடுதல் என்றான பிறகு பொருத்திக் கொடுக்கவும் ஒரு தொழில் ஏற்பட்டுவிட்டது. ஆனால் உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு. அச்சை வைத்து ஓங்கி அடிக்கும்போது எழுத்துப் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் அழுந்திப் போகிறது. மேலே அராவி மழமழவென்று ஆக்கிவிட்டாலும் அடியில் அந்த அழுத்தம் இருக்கும். தகுந்த திராவகத்தைத் தடவினால், அழுந்திய இடமும் அழுந்தாத இடமும் வேறு வேறு விதமாக அரிக்க, மறைந்த எண் மங்கலாக எழுந்து வரும். திருட்டு வண்டிகளைப் போலீஸ் ஆய்வுக்கூடத்தில் பிடிக்கிற முறைகளில் இது ஒன்று. மனிதன் மறந்ததை இரும்பும் அலுமினியமும் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கின்றன.

சட்டத்துக்காகவும் இந்தத் திருத்தம் வேண்டியதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் பழம்பெரும் வண்டிகளுக்கென்று விதிகள் வெளியிட்டது. முதற் பதிவிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகியிருக்க வேண்டும்; சட்டம், கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது; எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். சர்க்கார் கேட்பது பதிவு வருஷத்தைத்தான். அண்ணனின் வண்டி அந்தக் கணக்கில் எப்போதோ தேறிவிட்டது.

அது மட்டுமா? 1956-ல் திருவொற்றியூரில் பூட்டியவை 163 வண்டிகள்தான் என்றால், அந்தக் கூட்டத்தில் இது ஒன்றாக இருக்கக்கூடும். தகப்பனார் 'முதல் வண்டிகளில் ஒன்று' என்று சொன்னது பொய்யாக வேண்டியதில்லை. பிழை வருஷத்தில் மட்டும் இருக்கலாம். ரெட்டிச் பேரேட்டுக்கு எழுதிக் கேட்டால், சீமையிலிருந்து முழு வண்டியாக வந்ததா, இல்லையா என்ற கேள்வி தீர்ந்துவிடும். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டினாரே தவிர, மனம் ஆறவில்லை.

அவருடைய தாயார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பத்தெட்டு வயது. காது கொஞ்சம் மந்தம். ஆனால் எங்கள் பேச்சை எப்படியோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்ன தம்பி, வண்டி அம்பத்தஞ்சு இல்லைங்குதா?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமாம் அம்மா. அம்பத்தாறுன்னு தெரியுது."

கிழவி பொக்கை வாய் தெரியச் சிரித்தார். "அவருக்கு எந்த வருசம் நெனப்புல நின்னுது? கெணறு வெட்டுனதும் அம்பத்தஞ்சும்பாரு. இவன் பொறந்ததைக் கேட்டாலும் அம்பத்தஞ்சும்பாரு. எங்களுக்குக் கண்ணாலம் நடந்த வருசம் அது. அவருக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

அண்ணன் சட்டென்று எழுந்து கிணற்றடிப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

பீரங்கியில் எண் குத்தியவனுக்கு அதன் எடை முக்கியம். லூக்காஸ் தொழிலாளிக்கு அந்த மாதத்துக் கணக்கு முக்கியம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கட்டத்தை நிரப்புவது முக்கியம். அந்தப் பெரியவருக்கு எது முக்கியமோ, அவர் அதைச் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதைத்தான் பொறிக்கிறார்கள். படிக்க வருகிறவன் பொறித்தவன் யார், எதற்காகப் பொறித்தான் என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சென்னைக்காரருக்கு அண்ணன் அன்று மாலையே போன் செய்தார். "வண்டி 1956-ம் வருஷத்தியது. அந்த வருஷத்தோடு வேண்டுமானால் பேசலாம்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததென்று நான் கேட்கவில்லை. மெக்கானிக் மட்டும் ஹாரனை நன்றாகத் துடைத்து, '1 56' வெளியே தெரியும்படி திருப்பிப் பூட்டிக்கொண்டிருந்தார்.